இருக்கை வரைபடம் மாறுகிறது, திரைவாசிப்பான் பேசவில்லை: லைவ் ரீஜனை எங்கே வைப்பது?

புதுநிரல்:
வணக்கம் நண்பர்களே. பேருந்து முன்பதிவு வலைச்செயலி ஒன்றில் முன்முனை வேலை பார்க்கிறேன். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதியது. தேடல், பேருந்துப் பட்டியல், இருக்கை வரைபடம், பயணி விவரம், பணம் கட்டுவது என்று எல்லாமே பக்கம் மறுபடி லோடு ஆகாமல் ஒரே திரையில் நடக்கும்.

திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் பார்வையற்ற பயணி ஒருவர் எங்களுக்கு விரிவாக எழுதியிருக்கிறார். இருக்கையைத் தொட்டால் ஒரு சத்தமும் இல்லை, கட்டணம் ஏறியதா இறங்கியதா தெரியவில்லை, பெயரை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து முதல் திரைக்குத் தள்ளிவிடுகிறது என்கிறார்.

இருக்கை, கட்டணம், நேரக்கணக்கு, பிழைச்செய்தி நான்கையும் மாற்றம் வந்தால் தானாக வாசிக்கப்படும் நான்கு லைவ் ரீஜனாக்கி, எல்லாவற்றுக்கும், திரைவாசிப்பானுக்காக எச்டிஎம்எல்லில் எழுதும் ஏரியா குறிப்புகளில் ஒன்றான ஏரியா-லைவ் "அசர்ட்டிவ்" கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஆனால் சோதித்துப் பார்த்தால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் சில நேரம் பேசுகிறது, சில நேரம் மௌனம். கீழே வந்து மறையும் டோஸ்ட் செய்தி அறவே கேட்கவில்லை. எங்கே சிக்கல்?

தறி:
டோஸ்ட் பேசாததற்குக் காரணம் அநேகமாக இதுதான்: செய்தி வரும்போதுதான் அந்த டிவ்வையே (தனக்கென்று பொருள் இல்லாத பெட்டி உறுப்பு) உருவாக்குகிறீர்கள், லைவ் குறிப்பும் செய்தியும் ஒரே நேரத்தில் டாமுக்குள் (உலாவி வைத்திருக்கும் பக்கத்தின் உறுப்பு மரம்) நுழைகின்றன. லைவ் ரீஜன் என்பது "இந்த இடத்தில் மாற்றம் வந்தால் சொல்" என்று உலாவிக்கும் திரைவாசிப்பானுக்கும் முன்கூட்டியே கொடுக்கும் குறிப்பு. இடமே இப்போதுதான் முளைத்தது என்றால் மாற்றம் என்று எதைச் சொல்லும்? ரோல், அதாவது உறுப்பின் வகையைச் சொல்லும் ஏரியா பண்பு, "அலர்ட்" என்றால் மட்டும் விதிவிலக்கு மாதிரி. புதிதாக நுழைத்தாலும் பெரும்பாலும் பேசிவிடும். மற்றவற்றை நம்ப முடியாது.

ஆகவே செயலி தொடங்கும்போதே வெற்று டிவ் ஒன்று, ரோல் "ஸ்டேட்டஸ்" கொடுத்து, டாமில் இருக்கட்டும். டிஸ்ப்ளே "நன்" போட்டு மறைக்காதீர்கள், அப்படி மறைத்தால் திரைவாசிப்பானுக்கும் அது இல்லாமல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் வைக்கிற சிஎஸ்எஸ் கிளாஸ் எல்லா நூலகத்திலும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். செய்தி வரும்போது உள்ளிருக்கும் எழுத்தை மட்டும் மாற்றுங்கள்.

சில நேரம் பேசுகிறது, சில நேரம் இல்லை என்றீர்களே. ஒரே வாக்கியத்தை இரண்டாம் முறை போடுகிறீர்களா என்று பாருங்கள். "இருக்கை சேர்க்கப்பட்டது" என்று ஏற்கெனவே இருக்கும் இடத்தில் மறுபடி அதையே எழுதினால் டாமில் எதுவும் மாறாது, ரியாக்டும் தொடாது, பேச்சும் வராது. இருக்கை எண்ணைச் சேர்த்துச் சொன்னாலே பாதி தீர்ந்துவிடும். இல்லையென்றால் முதலில் காலி செய்துவிட்டு, சற்றுத் தாமதித்து எழுத வேண்டும்.

செவிவழி:
பயன்படுத்துகிறவள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை. கணினியில் என்விடிஏ, போனில் ஆண்ட்ராய்டின் டாக்பேக் திரைவாசிப்பான். இப்படிப்பட்ட செயலிகளில்தான் ஊருக்கு டிக்கெட் எடுக்கிறேன்.

நான்கும் அசர்ட்டிவ் என்றதைப் படித்ததும் உடனே எழுத வந்தேன். அசர்ட்டிவ் என்றால் நான் கேட்டுக்கொண்டிருப்பதை நடுவில் வெட்டிவிட்டுப் பேசும். "போலைட்" என்றால் ஓடிக்கொண்டிருக்கும் வாக்கியம் முடியும்வரை காத்திருக்கும். உங்கள் நேரக்கணக்கு நொடிக்கு ஒருமுறை மாறும் அல்லவா? அதை அசர்ட்டிவ் ஆக்கினால் நான் ஒரு பேருந்தின் பெயரைக்கூட முழுதாகக் கேட்க முடியாது. "ஏழு நிமிடம் ஐம்பத்தொன்பது, ஏழு நிமிடம் ஐம்பத்தெட்டு" என்று அதுவே ஓடும். போலைட் ஆக்கினாலும் தப்பிக்க முடியாது, வரிசைகட்டி நின்று ஒவ்வொன்றாகக் கொட்டும்.

கண் தெரிந்தவர்களுக்குத் திரையின் மூலையில் கடிகாரம் ஓடினால் வேண்டும்போது பார்ப்பார்கள், வேண்டாதபோது விட்டுவிடுவார்கள். எங்களுக்குக் காது ஒன்றுதான் வழி. அதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் போகும். நீங்கள் ஒரு லைவ் ரீஜன் வைக்கிறீர்கள் என்றால், நான் கேட்டுக்கொண்டிருக்கும் வேறு ஒன்றை நிறுத்திவைக்க முடிவெடுக்கிறீர்கள்.

மதுரைக்காரன்:
அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் என் அனுபவத்தில் புகார் வருவதெல்லாம் "எதுவும் சொல்லவில்லை" என்றுதான். "அதிகம் சொல்கிறது" என்று யாரும் எழுதுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் அறிவித்துவிடுவதுதான் பாதுகாப்பு. வேண்டாதவர்கள் கண்ட்ரோல் விசையை அழுத்திப் பேச்சை நிறுத்திக்கொள்ளலாமே?

செவிவழி:
தம்பி, அதிகம் பேசும் தளத்துக்கு யாரும் புகார் எழுதுவதில்லை, மூடிவிட்டுப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான்.

கண்ட்ரோல் அழுத்தினால் பேச்சு நிற்கும், சரி. ஆனால் சேர்த்து நின்றுவிடுவது எனக்கு வேண்டிய வாக்கியமும்தான். அதோடு, லைவ் ரீஜன் பேசியதை அதே இடத்தில் திரும்பிப் போய் வாசிக்க முடியாது. தவறவிட்டால் போயிற்று. டோஸ்ட் என்றால் அது திரையிலிருந்தே மறைந்திருக்கும். "பணம் பிடிக்கப்பட்டது, ஆனால் டிக்கெட் உறுதியாகவில்லை, இங்கே அழுத்துங்கள்" என்று ஒரு டோஸ்ட் வந்தது எனக்கு. இங்கே என்றால் எங்கே? லைவ் ரீஜனில் வருவது வெறும் எழுத்தாகத்தான் காதில் விழும். அதற்குள் இணைப்பு இருக்கிறதா, பொத்தான் இருக்கிறதா என்பது பல நேரம் தெரியவே தெரியாது. தேடிப் போவதற்குள் மறைந்துவிட்டது. பணம் சம்பந்தப்பட்ட செய்தியை இப்படிப் பறக்கவிடாதீர்கள். அது பக்கத்திலேயே நிலையாக, ஒரு தலைப்போடு இருக்க வேண்டும். ஃபோகஸும், அதாவது விசைப்பலகை நிற்கும் இடமும், அங்கே போக வேண்டும்.

விரல்நுனி:
எனக்குப் பார்வையும் இல்லை, கேட்கும் திறனும் குறைவு. பிரெய்ல் காட்டியில் படிக்கிறேன். லைவ் ரீஜன் செய்தி எனக்கு நான் படித்துக்கொண்டிருக்கும் வரியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் சற்று நேரம் நிற்கும், அப்புறம் போய்விடும். விரல் வரியின் நடுவில் இருக்கும்போது எழுத்துகள் அடியிலிருந்து மாறினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்தடுத்து மூன்று செய்தி வந்தால் மூன்றாவதுதான் கையில் கிடைக்கும். செவிவழி சொன்னதை நானும் வழிமொழிகிறேன்: நிலையான இடம் வேண்டும். அறிவிப்பு அதற்கு மேலே ஒரு உதவி, அவ்வளவுதான்.

ஆலமரம்:
கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இந்தக் குழப்பம் ஏன் வந்தது என்று விளங்கும். திரைவாசிப்பான்கள் வலைப்பக்கத்தை ஒரு ஆவணமாகத்தான் நினைத்தன. பக்கம் வந்ததும் அதை ஒரு மெய்நிகர் பஃபராகப் படியெடுத்து, அதில் அம்பு விசையால் வரி வரியாக நகரவிட்டன. 2005 வாக்கில் அஜாக்ஸ் என்ற பெயர் பரவி, பக்கம் மாறாமல் உள்ளே மட்டும் மாறுவது வழக்கமானபோது அந்தப் படி பழையதாகிவிடும். என்விடிஏவில் அதன் சொந்த விசையோடு எஃப்5 சேர்த்து அழுத்திப் படியைப் புதுப்பிக்கும் வழி இன்றும் இருக்கிறது. ஜாஸ் என்ற திரைவாசிப்பானிலும் உண்டு. ஆனால் எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று பயனருக்கு எப்படித் தெரியும்? அந்த ஓட்டையை அடைக்கத்தான் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி ஏரியாவைக் கொண்டுவந்தது. முதல் பதிப்பு 2014 மார்ச்சில் பரிந்துரையானது, 1.1 பதிப்பு 2017 டிசம்பரில், 1.2 பதிப்பு 2023 ஜூனில்.

லைவ் ரீஜன் என்பது அதில் ஒரு மூலைதான். எல்லோரும் அங்கேயே போய் நிற்கிறோம். புதுநிரல், முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் திரையில் முதன்மைப் பகுதி எது, வழிசெலுத்தல் எது, தேடல் எது, கட்டண விவரம் எது என்று மார்க்கப்பில் இருக்கிறதா? அல்லது எல்லாமே டிவ்தானா?

புதுநிரல்:
எல்லாமே டிவ்தான், ஐயா. பெயர்களெல்லாம் கிளாஸில் இருக்கின்றன.

ஆலமரம்:
கிளாஸ் பெயர் திரைவாசிப்பானுக்குப் போய்ச் சேராது. "மெயின்", "நாவ்", "ஹெடர்", "ஃபுட்டர்", "அசைடு" என்ற எச்டிஎம்எல் உறுப்புகளைப் போட்டாலே பகுதிகள் கிடைத்துவிடும், ஏரியா எழுதவே தேவையில்லை. தேடலுக்கென்று "சர்ச்" என்ற உறுப்பும் 2023-ல் வந்துவிட்டது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். "செக்ஷன்" உறுப்புக்குப் பெயர் கொடுத்தால்தான் அது பகுதியாகும். ஏரியா-லேபிள்டுபை மூலம் அதன் தலைப்பையே பெயராக இணைத்துவிடுங்கள். பெயரில்லாத செக்ஷன் டிவ்வுக்குச் சமம். அதற்காக எல்லா செக்ஷனுக்கும் பெயர் வைக்கவும் கூடாது. ஒவ்வொரு பேருந்து அட்டையும் ஒரு பகுதி என்றால் பட்டியலில் பகுதிகள் குவிந்து, அந்த வசதியே பயனற்றுப் போகும். பேருந்துகள் பட்டியல் உறுப்பாக இருக்கட்டும், ஒவ்வொன்றின் பெயரும் தலைப்பாக இருக்கட்டும். இரண்டு நாவ் இருந்தால் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வேண்டும். அந்தப் பெயரில் "வழிசெலுத்தல்" என்று மறுபடி எழுதாதீர்கள். வகையைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும்.

செவிவழி:
இதைத்தான் நான் கேட்க வந்தது. என்விடிஏவில் டி விசை அழுத்தினால் அடுத்த பகுதி, எச் அழுத்தினால் அடுத்த தலைப்பு, பி அழுத்தினால் அடுத்த பொத்தான். ஜாஸில் பகுதிக்கு ஆர் விசை. "கட்டண விவரம்" என்று ஒரு பகுதி எப்போதும் அதே இடத்தில் இருந்தால், இருக்கை தேர்ந்தெடுத்த பிறகு எனக்கு வேண்டியபோது டி அழுத்திப் போய்ப் பார்த்துக்கொள்வேன். நீங்கள் எனக்காகக் கத்தவே வேண்டாம்.

புதுநிரல்:
அப்படியானால் இருக்கை வரைபடத்துக்கு வருகிறேன், அதுதான் பெரிய தலைவலி. படுக்கை வசதிப் பேருந்து. கீழ்த்தளம், மேல்தளம் என இரண்டு. இப்போது எல்லா இருக்கையும் எஸ்விஜி படங்கள், கிளிக் மட்டும் வேலை செய்யும். முழு வரைபடத்துக்கும் ரோல் "அப்ளிகேஷன்" கொடுத்து, அம்பு விசைகளை நானே கையாளலாமா?

தறி:
வேண்டாம். அந்த ரோல் போட்டால் திரைவாசிப்பானின் வாசிப்பு முறை அங்கே அணைந்துவிடும். எச், பி, டி எதுவும் ஓடாது, எல்லா விசையும் நேராக உங்கள் நிரலுக்கு வரும். நீங்கள் எழுதிக் கொடுக்காத எதுவும் அங்கே நடக்காது. உள்ளே சாதாரண எழுத்து இருந்தால் அதை வாசிக்கவும் வழியிருக்காது. இருக்கை வரைபடத்துக்கு அந்த அளவு தேவையே இல்லை.

எச்டிஎம்எல்லிலேயே இருக்கும் நேட்டிவ் செக்பாக்ஸ் போதும். தளத்துக்கு ஒரு ஃபீல்ட்செட் (புலங்களைக் குழுவாக்கும் உறுப்பு), அதன் லெஜண்ட் (குழுவின் தலைப்பு) "கீழ்த்தளம்". ஒவ்வொரு செக்பாக்ஸின் லேபிள்: "எல் 4, ஜன்னலோரம், ஒற்றைப் படுக்கை, 850 ரூபாய்". விற்றுப்போனதை டிசேபிள் செய்துவிடுங்கள். செக்பாக்ஸைத் தொட்டதும் "தேர்வு செய்யப்பட்டது" என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும், அதற்கு லைவ் ரீஜன் தேவையில்லை. பெண்களுக்கான இருக்கையை இளஞ்சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டுகிறீர்களா? அந்தச் சேதியும் லேபிளில் எழுத்தாக வர வேண்டும். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும் அதே பிரச்சினைதான்.

மதுரைக்காரன்:
இதில் எனக்கு உடன்பாடில்லை. முப்பது நாற்பது செக்பாக்ஸ் என்றால் முப்பது நாற்பது முறை டேப். கண் தெரியும், ஆனால் கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாது என்பவர் என்ன செய்வார்? அவரிடம் எச் விசையும் டி விசையும் இல்லை. கிரிட் ரோல் போட்டு, உள்ளே ஒரே ஒரு டேப் நிறுத்தம், அம்பு விசையால் நான்கு திசையும் நகர்வது என்று செய்தால் அவருக்கும் நல்லது. பேருந்தின் அமைப்பும் அப்படியே வந்துவிடும்: இந்த வரிசை, இந்தப் பத்தி.

ஆலமரம்:
மதுரைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கிரிட்டைச் சரியாகச் செய்தால் நல்ல அனுபவம்தான். ஆனால் அரைகுறையாகச் செய்த கிரிட், செய்யாததைவிட மோசம். ஒவ்வொரு கலத்துக்கும் வரிசை உறவு, நகரும் டேப்இண்டெக்ஸ் (டேப் எங்கே நிற்கும் என்று சொல்லும் பண்பு), ஹோம், எண்ட் விசைகள், தேர்வு நிலை எல்லாம் பொருந்த வேண்டும். அதோடு தொடுதிரையில் டாக்பேக் வைத்திருப்பவர் அம்பு விசையை எங்கே போய் அழுத்துவார்? அங்கே அவர் இடமும் வலமும் விரலால் தள்ளித்தான் நகர்வார். ஏரியா வழிகாட்டியே தவறான ஏரியாவைவிட ஏரியா இல்லாததே மேல் என்கிறது. ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிச் சோதனை செய்யும் வெப்எய்ம் என்ற வலை அணுகல் அமைப்பு, ஏரியா உள்ள பக்கங்களில் சராசரியாகப் பிழைகள் அதிகமாகக் கிடைப்பதாகத் தொடர்ந்து எழுதிவருகிறது. ஏரியாதான் பிழைக்குக் காரணம் என்று இதற்குப் பொருளில்லை, சிக்கலான பக்கங்களில்தான் அதையும் போடுகிறார்கள். ஆனாலும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

என் யோசனை: செக்பாக்ஸையே வைத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறையுங்கள். டிசேபிள் ஆன செக்பாக்ஸில் டேப் நிற்காது, அதிலேயே பாதி போய்விடும். "ஜன்னலோரம் மட்டும்", "கீழ்த்தளம் மட்டும்" என்று வடிகட்டிகள் வையுங்கள். வரைபடத்தைத் தாண்டிக் கட்டணப் பகுதிக்குப் போக ஒரு தாவல் இணைப்பு வையுங்கள். இது மவுஸ் பிடிக்க முடியாதவருக்கும் உதவும்.

மதுரைக்காரன்:
வடிகட்டியோடு என்றால் சரி, ஏற்றுக்கொள்கிறேன். வடிகட்டியதும் "11 இருக்கைகள் உள்ளன" என்று சொல்ல ஸ்டேட்டஸ் வேண்டும் அல்லவா? அதற்காவது லைவ் ரீஜன் விடுவீர்களா, அக்கா?

செவிவழி:
அது கட்டாயம் வேண்டும்! நான் நிற்பது வடிகட்டியின் மேல், மாற்றம் நடப்பது கீழே. நீங்கள் சொன்னால்தான் தெரியும். சுருக்கமாக அந்த ஒரு வரி போதும். டபிள்யூசிஏஜி என்ற வலை அணுகல் நெறிமுறையின் 2.1 பதிப்பில் 4.1.3 விதி கேட்பதும் இதைத்தான்: ஃபோகஸை நகர்த்தாமல் நிலைச்செய்தி போய்ச் சேர வேண்டும்.

நான் எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்தின் விளைவு நான் இல்லாத இடத்தில் நடந்தால் சொல்லுங்கள், போலைட்டாக. மொத்தக் கட்டணம் அப்படிப்பட்டது. என் காரியத்தையே தடுத்து நிறுத்தும் செய்தி என்றால் ஃபோகஸை அங்கே கொண்டுபோங்கள். நான் செய்யாத, எனக்கு உடனே தேவையில்லாத மாற்றம் என்றால் பேசாமல் இருங்கள். "இந்தப் பேருந்தை இப்போது பலர் பார்க்கிறார்கள்" என்று ஒரு தளம் அடிக்கடி குறுக்கிடும். முன்பதிவின் நடுவில் அதைக் கேட்க நேரும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

தறி:
கட்டணத்தில் ஒரு நுணுக்கம். "மொத்தம்: 1,700 ரூபாய்" என்பதில் எண் மட்டும் தனி ஸ்பான் உறுப்பில் இருந்து அது மட்டும் மாறினால், சில நேரம் "1,700" என்று மட்டும் பேசும். எதன் 1,700? ஏரியா-அட்டாமிக் "ட்ரூ" கொடுத்தால் முழு வாக்கியமும் வரும். ரோல் ஸ்டேட்டஸுக்கும் அலர்ட்டுக்கும் அது இயல்பாகவே ட்ரூ. வெறும் ஏரியா-லைவ் போட்டால் நீங்கள்தான் எழுத வேண்டும். ஏரியா-ரெலவன்ட், ஏரியா-பிசி இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். எல்லா உலாவி, திரைவாசிப்பான் சோடியிலும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

படிவப் பிழைக்கு லைவ் ரீஜனே வேண்டாம். சமர்ப்பித்ததும் முதல் தவறான புலத்துக்கு ஃபோகஸ், அதில் ஏரியா-இன்வாலிட், பிழை வாக்கியத்தை ஏரியா-டிஸ்கிரைப்டுபை மூலம் இணைப்பது. புலத்தில் நின்றதும் லேபிளும் பிழையும் சேர்ந்தே கேட்கும்.

திரை மாறும்போதும் இதே கதை. தேடலிலிருந்து பட்டியலுக்குப் போகும்போது ஆவணத் தலைப்பை மாற்றி, புதிய திரையின் முதன்மைத் தலைப்பான எச்1-க்கு டேப்இண்டெக்ஸ் மைனஸ் ஒன்று கொடுத்து ஃபோகஸை அங்கே வையுங்கள். ரியாக்டின் மேல் கட்டிய நெக்ஸ்ட் சட்டகத்தில் திரை மாற்றத்தை அறிவிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது அறிவிக்க மட்டும்தான் செய்யும், ஃபோகஸ் உங்கள் பொறுப்பு.

நடைவண்டி:
இதெல்லாம் சரி, மேலாளரிடம் நேரம் எப்படி வாங்குவது? எங்கள் இடத்தில் "எத்தனை பேர் அப்படி வருகிறார்கள்?" என்று கேட்பார்கள்.

ஆலமரம்:
சட்டத்தைக் காட்டுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, தனியார் சேவைகளையும் சேர்த்தே பேசுகிறது. 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட முடியாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. 2025 ஏப்ரல் 30-ல் வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி தொடர்பான தீர்ப்பில், டிஜிட்டல் அணுகலை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்தது. மேலாளருக்கு எண்ணிக்கைக் கணக்கு தேவைப்படாது.

செவிவழி:
இன்னொன்று, தமிழ்த் தளங்களில் அடிக்கடி விட்டுப்போவது. எச்டிஎம்எல் உறுப்பில் பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் பண்பு "டிஏ" இருக்கிறதா பாருங்கள். வார்ப்புருவில் வந்த "இஎன்" அப்படியே கிடக்கும். மொழியைப் பார்த்துக் குரல் மாற்றும் அமைப்பு வைத்திருப்பவர்களுக்கு, தமிழ்ப் பக்கம் முழுவதையும் ஆங்கிலக் குரல் கையில் எடுத்துக்கொள்ளும். என்விடிஏவோடு வரும் இஸ்பீக் குரல் பொறியில் தமிழ் இருக்கிறது, விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரலும் கிடைக்கிறது. குரல் தயாராக இருந்தும் அதைக் கூப்பிடும் அந்த இரண்டு எழுத்து இல்லாததால் கேட்க முடியாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம். கண்ணுக்குத் தெரியாத ஏரியா-லேபிள்களையும் தமிழில் எழுதுங்கள். பக்கம் முழுக்கத் தமிழாக இருக்க, மூடும் பொத்தான் மட்டும் "குளோஸ்" என்று ஆங்கிலத்தில் கிடப்பதை நிறையப் பார்க்கிறேன்.

புதுநிரல்:
எல்லோருக்கும் நன்றி. நேரக்கணக்கு மட்டும் மிச்சம். இருக்கையைப் பிடித்துவைக்க எட்டு நிமிடம் கொடுக்கிறோம். ரோல் "டைமர்" போட்டால் போதுமா?

தறி:
ரோல் டைமர் இயல்பாக எதுவும் பேசாது, அதன் லைவ் நிலை "ஆஃப்". அது நல்லதுதான், ஓடும் கடிகாரத்துக்கு அப்படியே இருக்கட்டும். தனியாக ஒரு ஸ்டேட்டஸில் மூன்று நிமிடம் இருக்கும்போது ஒருமுறை, ஒரு நிமிடத்தில் ஒருமுறை சொல்லுங்கள். ஆனால் சொல்வது மட்டும் போதாது. டபிள்யூசிஏஜியின் 2.2.1 விதிப்படி, நேர வரம்பை அணைக்கவோ மாற்றவோ வழி தராவிட்டால், முடிவதற்கு முன் எச்சரித்து, எளிய ஒரு செயலால் நீட்டிக்க குறைந்தது 20 நொடி அவகாசம் தர வேண்டும், குறைந்தது பத்து முறை நீட்டிக்க விட வேண்டும். இருக்கை மற்றவர்களுக்கும் வேண்டும், அதனால் விதிவிலக்கு என்று வாதாடுவார்கள். பத்து முறை முடியாவிட்டாலும் ஒரு முறையாவது நீட்டிக்க வழி வையுங்கள். நீட்டிக்கும் டயலாக் நேட்டிவ் "டயலாக்" உறுப்பாக, ஷோமோடல் என்ற கட்டளையால் திறந்ததாக இருந்தால் ஃபோகஸ் உள்ளே போவதும் மூடியதும் பழைய இடத்துக்குத் திரும்புவதும் பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும்.

புதுநிரல்:
ஒரு சோதனைப் பதிப்பு ஏற்றியிருக்கிறேன். டிவ்களை எடுத்துவிட்டேன், இருக்கைகள் செக்பாக்ஸ் ஆகிவிட்டன, வடிகட்டி இரண்டு, லைவ் ரீஜன் ஒன்றே ஒன்று. நீட்டிக்கும் டயலாக்கும் இருக்கிறது. செவிவழி அக்காவுக்கும் விரல்நுனிக்கும் தனிச்செய்தியில் இணைப்பு அனுப்பினேன்.

செவிவழி:
என்விடிஏவில் பார்த்தேன். டி அழுத்தினால் தேடல், பேருந்துகள், இருக்கைகள், கட்டண விவரம் என்று வரிசையாக வருகிறது. இருக்கை எடுத்ததும் மொத்தம் ஒரே ஒருமுறை, முழு வாக்கியமாகக் கேட்டது. டாக்பேக்கில் மட்டும் நீட்டிக்கும் டயலாக் திறந்தபின் விரலைத் தள்ளினால், அதன் உறுப்புகள் முடிந்ததும் பின்னாலிருக்கும் பேருந்துப் பட்டியலுக்குப் போய்விடுகிறது.

தறி:
ஷோமோடலுக்குப் பதில் ஓபன் பண்பை நேரடியாகப் போட்டிருப்பீர்கள். அப்படித் திறந்தால் பின்னணி முடங்காது. அதை மாற்றிவிட்டு மறுபடி அனுப்புங்கள்.

விரல்நுனி:
பிரெய்லில் கட்டண வரி நிலையாக இருக்கிறது. மூன்று நிமிட எச்சரிக்கை வந்து போனது, படித்து முடிக்க முடியவில்லை. அதே வாக்கியத்தைக் கட்டண விவரம் பகுதியின் முதல் வரியாகவும் வைத்துவிட்டால் நான் அங்கே போய்ப் படித்துக்கொள்வேன்.

புதுநிரல்:
இரண்டையும் இன்று இரவே செய்துவிடுகிறேன். அதே இணைப்பில் நாளைக் காலை பார்க்கலாம்.